மீனுக்குப் பின்னால் ஒளித்து வைத்த குழாய்

தம்பி, போன வாரம் வீடியோ காலில் நீ கேட்டாய்: "ஏம்மா, எப்பப் பாத்தாலும் போனை மூஞ்சியோட ஒட்டி வெச்சிக்கிட்டுப் பேசற? மூக்கு மட்டுந்தான் தெரியுது." நான் உடனே, "மூக்குத்தி புதுசு லா, நல்லாப் பாத்துக்க" என்று சொல்லிச் சமாளித்தேன். நீயும் சிரித்தாய். மூக்குத்தி பழையது, உனக்குப் பல் முளைக்கும் முன்பிருந்தே என் மூக்கில் கிடப்பது. சிங்கப்பூரில் உட்கார்ந்து பாலத்துக்குக் கணக்குப் போடும் மகனுக்குப் பெற்ற தாயின் மூக்குத்தி பழசா புதுசா என்று தெரியவில்லையே என்று நான் வருத்தப்பட்டிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு நிம்மதிதான் வந்தது. மூன்று மாதமாக நீ என்னைக் கழுத்துக்கு மேலேதான் பார்த்திருக்கிறாய். கழுத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். இப்போது காலை மணி ஒன்பதே கால். பிற்பகலுக்குள் டாக்டர் கூப்பிட்டு, என் வயிற்றில் சேர்ந்திருக்கும் நீர் புற்றுநோயால் வந்ததா, வேறு எதனாலாவது வந்ததா என்று சொல்லிவிடுவார். அதுவரை சும்மா உட்கார என்னால் ஆகாது. அடுப்பை இரண்டு தரம் துடைத்தாகிவிட்டது. மூன்றாம் தரம் துடைத்தால் பெயின்ட் வந்துவிடும், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

கடிதம் உனக்குத்தான், ஆனால் உறையை ஒட்டப் போவதில்லை. நம் மாதர் சங்கத்து ஆண்டு மலரில் நான் எழுதும் சிரிப்புப் பக்கம் உனக்குத் தெரியும். யார் வீட்டுப் பூனை யார் வீட்டில் குட்டி போட்டது என்பது முதல், எந்தத் தலைவி எந்தக் கூட்டத்தில் குறட்டை விட்டாள் என்பது வரை அதில் வந்திருக்கிறது. இந்த வருடம் அந்த இடத்தில் இதுதான் வரும். மலர் வெளிவர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஆகவே உனக்கு முதலில், ஊருக்குப் பிறகு. அந்த வரிசை ஏன் முக்கியம் என்று மாமா கதை வரும்போது உனக்குப் புரியும். ஊரார் வீட்டுச் செய்தியை முப்பது வருடம் இலவசமாக விநியோகம் செய்தவள், தன் வயிற்றுச் செய்தியை மட்டும் பூட்டி வைத்தால் அது நியாயமா?

முதலில் வயிறு. உன் கல்யாணத் தேதி குறித்த மாதத்திலிருந்தே அது பெருக்கத் தொடங்கியது. எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஐம்பத்தைந்து வயதில், காலையில் ரொட்டி சானாய், மாலையில் கோப்பியோடு பிஸ்கட், நடுவில் ருசி பார்ப்பது என்று வாழ்கிறவளுக்கு வயிறு பெருக்காமல் காதா பெருக்கும்? ஜெலுத்தோங் பாசாரில் கீரை விற்கும் அக்கா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "என்னம்மா, மருமக வந்து பெத்துக் குடுக்கறதுக்குள்ள நீ முந்திக்கிட்டியா?" என்றார். "ஆமாக்கா, ரெட்டை, ஒண்ண ஒங்களுக்குத் தரேன்" என்றேன். பாசாரே சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும் ஆளை யாரும் இரண்டாம் தரம் உற்றுப் பார்க்க மாட்டார்கள். இதை நான் முப்பது வருடமாகத் தெரிந்து வைத்திருந்தேன், தம்பி. உனக்கும் அந்தப் பழக்கம் என்னிடமிருந்து வந்திருக்கிறது. வேலையில் ஏதாவது சிக்கல் என்றால் நீ போனில் வழக்கத்தைவிட அதிகமாக ஜோக் அடிப்பாய். எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

என்னை உற்றுப் பார்த்த முதல் ஆள் தையல்காரர். லிட்டில் இந்தியாவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருக்கிறாரே, அவர்தான். உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுக்கு ரவிக்கை அளவு கொடுத்துவிட்டு வந்தேன். மூன்று வாரம் கழித்துப் போட்டுப் பார்க்கப் போனால் கொக்கி கொக்கியைப் பார்க்கவே இல்லை. அவர் நோட்டைப் புரட்டினார். "அக்கா, போன தடவ அளவ நான் தப்பா எழுதிட்டேனா?" என்றார். "நீங்க தப்பு பண்ணல தம்பி, ரொட்டி சானாய் கடைக்காரன் பண்ணுன தப்பு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுபடி டேப்பை எடுத்து, என் கையை அளந்தார், வயிற்றை அளந்தார், நோட்டைப் பார்த்தார். "சாப்பாட்டு வயிறுன்னா கையும் சேந்து பெருக்கும்கா. ஒங்களுக்குக் கை ஒரு இஞ்ச் எளச்சிருக்கு, வயிறு மூணு இஞ்ச் ஏறியிருக்கு. எங்கம்மாவுக்கும் இப்பிடித்தான்..." என்று தொடங்கியவர், வாயில் இருந்த குண்டூசியைச் சாக்காக வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டார். அவருடைய அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. ஊரில் இருக்கிற எல்லா அம்மாக்களுக்கும் என்ன ஆயிற்று என்று கேட்கிற நான், இந்த ஒரு அம்மாவை மட்டும் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ஒரு நிமிடம், போன் அடித்தது. டாக்டர் இல்லை. கல்யாண மண்டபத்துக்காரர், வாழையிலை வைப்பதா தட்டு வைப்பதா என்று கேட்கிறார். வாழையிலை என்று சொல்லிவிட்டேன். சரி.

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் நீர் நிறையச் சேர்ந்திருக்கிறது, சூற்பை பக்கம் ஏதோ தெளிவில்லாமல் தெரிகிறது என்றார். "ஆண்ட்டி, லேப்ல இத்தன வருசமா வேல செய்றீங்க, ஒங்களுக்கு நான் சொல்லணுமா? தண்ணிய எடுத்துப் பாத்தாதான் தெரியும்" என்றார். அவர் சொல்ல வேண்டியதில்லைதான். முப்பது வருடமாக நான் செய்கிற வேலையே அது. யாரோ ஒருவர் வயிற்றில் சேர்ந்த நீர் ஒரு குழாயில் என் மேசைக்கு வரும். மிஷினில் போட்டு, அதில் எந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து எழுதுவேன். அம்மா என்ன வேலை செய்கிறாள் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டபோது நீ, "எங்கம்மா ஊர்ல உள்ளவங்க மூத்திரத்தையெல்லாம் பாப்பாங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அன்றைக்கே விளக்கியிருக்க வேண்டும், இப்போது விளக்குகிறேன்.

எல்.டி.எச். என்று ஒரு நொதி. உடம்பின் எல்லாச் செல்லுக்குள்ளும் உட்கார்ந்து வேலை பார்க்கும். செல் உடைந்தால் வெளியே கசியும். வயிற்று நீரில் அது இரத்தத்தில் இருப்பதைவிட அதிகமாக இருந்தால், உள்ளே செல்கள் கூட்டமாக உடைகின்றன என்று பொருள். புற்றுநோயாக இருக்கலாம், கடுமையான கிருமித் தொற்றாகவும் இருக்கலாம். சுருக்கமாகச் சொன்னால் அது என் இனம். பக்கத்து வீட்டில் சண்டை என்று முதலில் ஓடி வந்து சொல்லும், யார் யாரை அடித்தார்கள் என்று அதற்குத் தெரியாது. ஏ.டி.ஏ. என்று இன்னொன்று இருக்கிறது. அது கொஞ்சம் விவரமான ஆள். வயிற்றில் காசநோய்க் கிருமி புகுந்து, அதோடு வெள்ளை அணுக்கள் மல்லுக்கட்டினால் அது நன்றாக ஏறும். புற்றுநோய் நீரில் பெரும்பாலும் அப்படி ஏறாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் போவது என்று ஓரளவு கை காட்டும். அவ்வளவுதான். தீர்ப்பு சொல்வது நுண்ணோக்கியில் செல்லைப் பார்க்கிற டாக்டர். இந்த வித்தியாசம் தெரியாமல் நான் ஒருமுறை வாயைத் திறந்ததில்தான் உன் மாமா எட்டு வருடம் என்னோடு பேசவில்லை.

நீ அப்போது ஜொகூரில் படித்துக்கொண்டிருந்தாய். ஏதோ சொத்துத் தகராறு என்று உன்னிடம் சொல்லி வைத்தோம். தகராறு செய்கிற அளவுக்கு நம் யாரிடமும் சொத்து இருந்ததில்லை என்பதை நீயாவது யோசித்திருக்கலாம். சுங்கை பாக்காப்பில் இருக்கும் என் அண்ணனுக்கு, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் அந்த மலை மாதிரி மனிதனுக்கு, வயிறு வீங்கியது. நீர் எடுத்தார்கள், குழாய் என் மேசைக்கே வந்தது. எல்.டி.எச். உச்சத்தில் இருந்தது. ஏ.டி.ஏ.வுக்குக் கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரம் என் வாயால் பொறுக்க முடியவில்லை. ஒரு வளைகாப்பு வீட்டில், சாதம் பிசைந்துகொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம், "யாருகிட்டயும் சொல்லாத, அண்ணனுக்குப் புத்துநோய்தான் போலருக்கு" என்றேன். அழுதுகொண்டுதான் சொன்னேன். ஆனால் சொன்னேன். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி நம் தீவிலிருந்து பாலத்தைத் தாண்டி, சுங்கை பாக்காப்பில் ஒரு கோப்பிக் கடையில், தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அண்ணன் காதிலேயே போய் விழுந்தது. தான் சாகப் போவதைக் கோப்பிக் கடையில் தெரிந்துகொண்டார் உன் மாமா.

அவரிடம் ஒன்பது மெர்போக் இருந்தன. சின்னப் புறா மாதிரி, கூண்டைக் கம்பத்தில் ஏற்றிப் பாட விட்டுப் போட்டி நடத்துவார்களே, அந்தப் பறவை. உன்னைக்கூட ஒருமுறை பார்க்கக் கூட்டிப் போனார், நீ கை தட்டிவிட்டாய் என்று வெளியே அனுப்பினார்கள். தான் செத்த பிறகு இவற்றை யார் பார்ப்பார்கள் என்று, மறுநாள் காலை ஒன்பது கூண்டையும் திறந்து விட்டுவிட்டார். ஐந்து நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறாம் நாள் ஏ.டி.ஏ. வந்தது. அதுவும் உச்சம். வயிற்றுக்குள் குழாய் விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்து, காசநோய் என்று உறுதி செய்தார்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார், வயிறு வற்றியது, லாரியில் மறுபடி ஏறினார். நான் பழம், பிஸ்கட், மன்னிப்பு எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். "நான் திரும்பி வந்துட்டேன். அதுங்க வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வாசல் உத்தரத்தில் ஒன்பது கூண்டும் தொங்கின.

இப்போது என் கூத்துக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் எனக்கு ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். ஆறிப்போன சீனத் தேநீர் நிறம். செல்லைப் பார்க்க வேண்டிய பாட்டில் அதன் வழியில் போய்விட்டது. நொதிக்கான குழாய் மட்டும் என் லேபுக்கு வர வேண்டியது. என் மேசைக்குப் பக்கத்து மேசையில் அமீது இருக்கிறான். இருபது வருடமாக நானும் அவனும் சேர்ந்துதான் இந்தத் தீவின் செய்திகளை அலசுகிறோம். என் பேர் எழுதிய குழாய் அவன் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? நான் என்ன செய்வேனோ அதைத்தான் அவனும் செய்வான் என்று நினைத்தேன். அதனால் நர்ஸிடம், "நானே கொண்டு போய்க் குடுத்துடறேன் லா, எங்க லேப்தானே" என்று குழாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், பிறை ஊரில் வேறொரு லேபில் என் பழைய கூட்டாளி செல்வி வேலை செய்கிறாள், திங்கட்கிழமை அவளிடம் கொடுத்துச் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று திட்டம். சனி, ஞாயிறு எங்கே வைப்பது? அப்பா கண்ணில் படாத இடம் நம் வீட்டில் ஒன்றுதான். ஐஸ் பெட்டியில், உறைந்த திருக்கை மீனுக்குப் பின்னால், பழைய பிஸ்கட் டின்னுக்குள் வைத்தேன்.

நீ பாலம் கட்டுகிறவன், உனக்கு இதில் என்ன தவறு என்று தெரியாது. எங்கள் லேபில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரியும். எல்.டி.எச். குளிர் தாங்காத நொதி. உறைய விட்டால் செத்துவிடும், நிஜத்தில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். எங்கள் லேப் ஐஸ் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'எல்.டி.எச். குழாயை இதற்குள் வைப்பவர் அன்று மதியம் எல்லாருக்கும் நாசி கண்டார் வாங்கித் தர வேண்டும்.' அதை எழுதி ஒட்டியது யார் என்று நினைக்கிறாய்? என் கையெழுத்துதான், தம்பி.

திங்கட்கிழமை காலை குழாய் கல்லாக இருந்தது. வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கி, பாலத்தில் போய், செல்வியிடம் கொடுத்தேன். மிஷின் காட்டிய எண்ணைப் பார்த்து அவள், "கொறச்சலாத்தான் இருக்குக்கா. எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள். "பத்திரமாத்தான் லா வெச்சிருந்தேன்" என்றேன். பொய்கூட இல்லை பார், அதைவிடப் பத்திரமாக யாராலும் வைக்க முடியாது. வீட்டுக்கு வந்து சேமியா பாயசம் வைத்தேன். என்ன விசேஷம் என்று அப்பா கேட்டார், திங்கட்கிழமை என்றேன். அடுத்த வாரம் டாக்டரம்மா கூப்பிட்டு, முதல் நீரில் பார்த்த செல்கள் சந்தேகமாக இருக்கின்றன, உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மறுபடி நீர் எடுக்க வேண்டும் என்றார். "எல்.டி.எச். கொறச்சல்தான் டாக்டர், மகன் கல்யாணம் முடியட்டும், வரேன்" என்றேன். அவர் இரண்டு தரம் கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. குழாயை உறைய வைத்தது பதற்றத்தில் செய்த பிழை, அதை மன்னித்துக்கொள்ளலாம். அந்த எண் பொய் என்று தெரிந்தே, இரண்டு வாரம் அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அதற்குள் உன் பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகை சாமிக்கு, இரண்டாவது தாய்மாமனுக்கு. அதை மாற்ற முடியாது. எட்டு வருடம் பேசாவிட்டாலும், உனக்கு முதல் மாலை போட வேண்டியவர் அவர்தான். அப்பா பிறைத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை என்று நழுவிவிட்டார், நான் மட்டும் தட்டோடு சுங்கை பாக்காப் போனேன். அண்ணன் வாசலில் நின்று லாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா ரேடியோ. என்ன, நேரா வந்திருக்க? ஒஞ்செய்தியெல்லாம் தானா பாலத்தத் தாண்டி வந்துருமே."

"மருமகனுக்குக் கல்யாணம்ணே."

"பத்திரிகைய வெச்சிட்டுப் போ."

முக்காலியில் தட்டை வைக்கக் குனிந்தேன். பாதிக்கு மேல் குனிய வரவில்லை. மூச்சு வாங்க நின்றேன். அவர் துணியைக் கீழே போட்டார்.

"நிமிரு. பக்கவாட்டுல திரும்பு. எத்தன நாளா?"

"கொழுப்புண்ணே. ரொட்டி சானாய்."

"எனக்கும் அப்பக் கொழுப்புத்தான். படுத்தா மூச்சு முட்டுதா? ஒரு பக்கம் தட்டுனா மறுபக்கம் அலையடிக்குதா? தண்ணிடி அது. யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லல."

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? நீ சொல்லலியா? அப்பப் பெரிய பயந்தான்."

எட்டு வருடத்துக்குப் பிறகு அண்ணன் பேசிய ஐந்தாவது நிமிடத்தில், அந்த லாரிப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தையல்காரர், அமீது, செல்வி, மீன், பாயசம் எல்லாம். மீன் வந்த இடத்தில் அவர் சிரிக்கத் தொடங்கினார். "ஐஸ் பெட்டியிலயா? திருக்கைக்குப் பின்னாலயா?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன், வயிறு வலித்தது. பிறகு அவர் நிறுத்திவிட்டார். "என் தண்ணிக்கு அவசரப்பட்டு ஒண்ணு சொன்ன. ஒன் தண்ணிக்குப் பொய்யின்னு தெரிஞ்சே ஒண்ண நம்பிக்கிட்டிருக்க. நடுவுல சரியா ஒண்ணு செய்யத் தெரியாதாடி ஒனக்கு? போ. மறுபடி தண்ணி எடு. ஒன் பேரப் போட்டே எடு. எடுத்துட்டு, பையனுக்கு நீயே சொல்லு. கோப்பிக் கடையில தெரிஞ்சிக்கறது எப்பிடியிருக்கும்னு எனக்குத் தெரியும்." தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர் கதவருகில் நின்று, "பையன் இப்ப எவ்வளவு ஒசரம்? மால எத்தன முழம் சொல்றது?" என்று கேட்டார். இதையெல்லாம் எழுதலாமா என்று நேற்றுப் போனில் கேட்டேன். "எழுது. மெர்போக்குன்னு சரியா எழுது, புறான்னு எழுதிப்புடாத" என்றார். மேலே 'புறா மாதிரி' என்று எழுதியதற்கு நீ அவரிடம் மூச்சு விடாதே.

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன். உன் அப்பாவைத் தெரியும், பேச்சு வந்தாலும் பேச மாட்டார், வராவிட்டால் ஏதாவது கழுவுவார். ஐஸ் பெட்டியைக் காலி செய்து, திருக்கையைத் தூக்கி எறிந்து, சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் எப்பிடிப் பாக்காம இருந்தேன்?" என்றார். அவர் கேட்டது டின்னைப் பற்றியா, வயிற்றைப் பற்றியா என்று நான் கேட்கவில்லை. முப்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்தவரிடமிருந்து மூன்று மாதம் வயிற்றை ஒளிக்க முடிந்திருக்கிறது என்றால், நான் எவ்வளவு கெட்டிக்காரி, எவ்வளவு மடச்சி! நீ கட்டப்போகும் பெண்ணிடம் இந்தக் கெட்டிக்காரத்தனம் மட்டும் வேண்டாம். உனக்குத் தலைவலி என்றாலும் அவளிடம் முதலில் சொல். அவள் பயப்படுவாள் என்று நீ மறைத்தால், அவள் பயமும் குறையாது, உன் தலைவலியும் போகாது. கூடுதலாக ஒரு ஐஸ் பெட்டி தேவைப்படும், அவ்வளவுதான்.

நேற்று முன்தினம் மறுபடி நீர் எடுத்தார்கள். இந்த முறை என் முழுப் பேரும் போட்டு, அன்றே எடுத்த இரத்தத்தோடு, நேராக என் லேபுக்குப் போனது. என் மேசைக்கு. நான் லீவு. மிஷினில் போட்டது அமீது.

நிறுத்துகிறேன், வாசலில் மோட்டார் சத்தம்.

வந்தது அமீதுதான், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கையில் நாசி கண்டார் பொட்டலத்தோடு. "வெளிய ஒரு வேல இருந்துச்சு, அப்பிடியே வந்தேங்க்கா" என்றான். அவனுக்கு இந்தப் பக்கம் எந்த வேலையும் கிடையாது. "நம்பரு என்ன?" என்றேன். "டாக்டருக்குப் போயிடுச்சிக்கா. அவங்க கூப்புடுவாங்க. நான் சொல்லக்கூடாது, ஒங்களுக்குத் தெரியாததா?" என்றான். பொட்டலத்தைப் பிரித்து என் தட்டில் வைத்தான். குழம்பு ஆறிவிட்டது, சுடவைக்கட்டுமா என்றான். மழை வரும் போலிருக்கிறது என்றான். டூரியான் இந்த வருடம் சுமார் என்றான். நானும் ஆமாம் என்றேன். அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இருபது வருடத்தில் முதல்முறையாக அமீது என்னோடு அரை மணி நேரம் உட்கார்ந்து, ஒரு ஆளைப் பற்றிக்கூட ஒரு வம்பும் பேசாமல் எழுந்து போயிருக்கிறான். எட்டு வருடத்துக்கு முன் என்னால் காக்க முடியாத வாயை அவன் காத்துவிட்டான். முடிவு என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

இரண்டே காலுக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். எல்.டி.எச். இரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. ஏ.டி.ஏ. குறைவு. மாமா போன வழி எனக்கு இல்லை என்று அப்போதே புரிந்தது, ஆனாலும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். செல்லைப் பார்த்த டாக்டருக்கும் இந்த முறை சந்தேகம் இல்லை. புற்றுநோய், தம்பி. சூற்பையிலிருந்து வந்திருக்கிறது. எழுதிவிட்டேன் பார், கை அப்படியொன்றும் ஒடிந்து போகவில்லை. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த கால்தான் இப்போது எங்கே போவது என்று தெரியாமல் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டிருக்கிறது. கல்யாணம் தள்ளிப் போகுமா என்று முதலில் கேட்டேன். "தள்ளிப் போட வேணாம் ஆண்ட்டி. அதுக்குள்ள ரெண்டு தடவ மருந்து ஏத்திருவோம். தண்ணி வத்தலாம். அன்னிக்கு எப்பிடி இருப்பீங்கன்னு இப்பவே சொல்ல மாட்டேன்" என்றார். நல்ல டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறார். அந்த இரண்டு வாரம் நான் போனை எடுக்காததால் என்ன கெட்டது என்றும் கேட்டேன். "இனிமே எடுங்க" என்று மட்டும் சொன்னார்.

ஆகவே நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வர வேண்டாம், குறித்த நாளில் வா. கூகிளில் எல்.டி.எச். என்று தேடாதே, அது என்னைவிட மோசமான வம்புக்காரி. உன் மாமியார் வீட்டாரிடம் நானே பேசுகிறேன், அந்தச் செய்தியாவது சரியான வாயிலிருந்து போகட்டும். அந்தப் பெண்ணிடம் மட்டும் நீ இன்றே சொல்லிவிடு.

சற்று முன் தையல்காரரைக் கூப்பிட்டேன். "தம்பி, மருந்து வேல செஞ்சா வயிறு சின்னதாகும், செய்யலன்னா பெருசாகும். எந்த அளவுல தைப்பீங்க?" என்றேன். அவர் மிஷினை நிறுத்தினார். பிறகு, "ரெண்டு பக்கமும் உள்ள துணி விட்டுத் தைக்கிறேங்க்கா. கல்யாணத்துக்கு மொத நாளு வந்து நில்லுங்க. பிரிக்கணும்னா பிரிப்போம், பிடிக்கணும்னா பிடிப்போம். அர மணி நேர வேல" என்றார். அவருடைய அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று இந்த முறை கேட்டேன். சொன்னார். அது அவர் வீட்டுச் செய்தி, இங்கே எழுத மாட்டேன்.

இதைப் படம் பிடித்து இப்போதே உனக்கு அனுப்புகிறேன். படித்து முடித்ததும் கூப்பிடு. போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்துவிட்டு நான்கடி தள்ளி நிற்பேன். முழுசாகத் தெரிவேன். பக்கவாட்டில் திரும்பச் சொன்னாலும் திரும்புவேன். மூக்குத்தியைப் பார்க்காதே.

அம்மா